முழுக்க முழுக்கச் செய்கூலி

லண்டன் தமிழர்களில் இப்படியும் ஓர் இனம் உண்டு. ஹாரோ பக்கம் வீடு, நகரத்துக்குள் கணக்கர் உத்தியோகம், நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. உடம்பில் கல்யாண மோதிரத்தைத் தவிரப் பொட்டுத் தங்கம் கிடையாது. ஆனால் படுக்கையறை மேஜையின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தால், 1950-களில் பாரிஸ் சீமாட்டிகள் விருந்துக்குக் குத்திக்கொண்டு போன ப்ரூச்சுகள் வெல்வெட்டில் வரிசையாகப் படுத்திருக்கும். பித்தளை, கண்ணாடி, பிசின், கொஞ்சம் பிளாஸ்டிக். சந்தையில் இவருக்குக் ‘கலெக்டர்’ என்று பெயர். வீட்டில் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

ஆளைப் பிடிப்பது சுலபம். வெள்ளிக்கிழமை விடிகாலை பெர்மன்சி சந்தை, சனிக்கிழமை போர்ட்டபெல்லோ ரோடு, நடுவாரத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் திருடிக்கொண்டு மேரிலபோனில் உள்ள ஆல்ஃபீஸ் மார்க்கெட். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் பழம்பொருள் சந்தை கூடும். அலுவலகத்தில் அவருக்குப் பல்வலி வருவது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான். பெர்மன்சியில் நின்றால் ஒரு பழைய சட்டத்தைச் சொல்லாமல் விடமாட்டார். சூரியன் உதித்து அஸ்தமிப்பதற்குள் அந்தச் சந்தையில் நாணயமாகக் காசு கொடுத்து வாங்கினால், சரக்கு திருட்டுச் சரக்காகவே இருந்தாலும் வாங்கியவருக்கே சொந்தம். 1995-இல் அந்தச் சட்டம் போய்விட்டது. சொந்தக்காரர் ஒருவர் தவறிப்போன மாதிரி அதற்காக இன்னும் துக்கம் காக்கிறார்.

நகையைக் கையில் எடுத்ததும் இவர் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வரும், செல்போன் விளக்கு எரியும், மூச்சு நிற்கும். நிஜத் தங்கமாக இருந்தால் பிரான்ஸில் கழுகுத்தலை முத்திரை குத்தியிருப்பார்கள், பிளாட்டினத்துக்கு நாய்த்தலை. அவை கண்ணில் பட்டால் ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் தேடுவது அதையல்ல. பெரிய தையல் நிறுவனங்களுக்காகப் பட்டறைகளில் செய்த பொய் நகை. அதில் செய்தவர் பெயர் இருந்தால், “பெயர் இருக்கே, பின்னாடி எவனாவது குத்தியிருப்பானோ?” என்று சந்தேகப்படுவார். பெயர் இல்லாவிட்டால் முகம் மலர்ந்துவிடும். “அந்தக் காலத்துப் பாரிஸ் சரக்கு பாதிக்கு மேல் பெயரில்லாமத்தான் வரும். அதனாலதான் இது அசல்.” இந்தத் தர்க்கத்தை எந்த நீதிமன்றமும் ஒப்பாது. ஆனாலும் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஷனேல் நிறுவனத்துக்குக் கிரிப்வா பட்டறை செய்துகொடுத்த பல நகைகளில் ஒரு கையெழுத்தும் கிடையாது.

பிளாஸ்டிக் வந்தால் லென்ஸ் உள்ளே போய் மூக்கு வெளியே வரும். கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து முகர்ந்து பார்ப்பார். காலலித் என்று ஒரு பழைய பிளாஸ்டிக், பாலின் கேசீனில் செய்தது. சூடேறினால் தீய்ந்த பால் வாசனை அடிக்கும். லண்டன் குளிரில், கூட்டத்துக்கு நடுவே, எவளோ ஒரு பாட்டியின் வளையலை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிப் புன்னகைக்கும் தமிழரைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். நல்லவர்தான்.

வீட்டுக்குப் போனால் காபி வரும். கூடவே பிரசங்கமும் வரும். 1947-இல் கிறிஸ்டியன் டியோர் புது மோஸ்தரைக் கொண்டுவந்தது, 1954-இல் ஷனேல் மறுபடி கடை திறந்தது, ரோபேர் கூசன்ஸ் அந்தம்மாவுக்குப் பைசாண்டியப் பாணியில் சிலுவையும் சங்கிலியும் செய்தது எல்லாம் சொல்வார். லின் வோத்ரான் என்ற பெண்மணி வெண்கலத்தில் விடுகதை எழுதிப் பொத்தானும் சிமிழும் செய்தார், பிறகு ஒரு பிசினுக்குத் தலோசெல் என்று பெயர் வைத்து அதில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார் என்பது இரண்டாவது காபிக்கு. வின்ட்சர் சீமாட்டியின் கார்ட்டியே சிறுத்தைக் கைச்சங்கிலி 2010-இல் லண்டன் ஏலத்தில் 45 லட்சம் பவுண்டுக்கு மேல் போனதை, கடைசி நிமிஷத்தில் தன் கையை விட்டுப் போன மாதிரி சொல்வார். எனக்குப் பிடித்தது டியோர் கதைதான். 1952 முதல் 1956 வரை டியோர் பெயரில் வந்த நகைகளில் பலவற்றை மிட்செல் மேயர் என்பவர் இங்கே, இங்கிலாந்தில்தான் செய்தார். இவர் அவற்றில் ஒன்றைப் பாரிஸ் வரை போய்ப் பாரிஸ் விலைக்கு வாங்கி வந்திருக்கிறார்.

அந்தப் பாரிஸ் பயணம் தம்பதி சமேதராக நடப்பது. காலை ரயில் கார் து நோர் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கேயே பாதை பிரிந்துவிடும். அவர் நாலாம் எண் மெட்ரோ ஏறிச் சாந்துவான் பழம்பொருள் சந்தைக்குப் போவார். அம்மையார் நடந்தே லா ஷப்பெல் போய்த் தோசை சாப்பிட்டு, தமிழ் நகைக்கடைகளில் 22 கேரட் வளையல் விலை விசாரித்துவிட்டு வருவார். மாலையில் ஒருவர் பையை ஒருவர் பார்ப்பதில்லை என்பது ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தம் செல்லாத இடம் ஒன்று உண்டு. கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் மாமியார் வந்திருக்கும்போது ஏதோ ஓர் அசட்டுத் தைரியத்தில் இழுப்பறை திறக்கப்படும்.

“இது என்ன கல்லு மாப்பிள்ளை, கெம்பா?”

“கண்ணாடி, அத்தை.”

“அடியில தங்கமாக்கும்?”

“பித்தளை. மேல முலாம். அதுவும் பாதி போயிடுச்சு. ஆனா அப்படித்தான் இருக்கணும்.”

“கட்டுவேலை மட்டும் கெட்டியா இருக்கோ?”

“கல்லே கட்டலை அத்தை. கம்பிக் கூடு பண்ணி, கண்ணாடியை உருக்கி அதுக்குள்ள ஊத்தியிருக்காங்க. இந்த ஓரத்தைப் பாருங்க, குமிழி தெரியுது.”

விலையைச் சொன்னதும் மாமியார் மனசுக்குள் ரூபாயாக மாற்றக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. பிறகு மகள் பக்கம் திரும்பிச் சன்னமாக, “ஏண்டி, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு இங்க போலீஸ்ல சொல்ல முடியாதா?”

“அத்தை, இதுல தங்கத்துக்குன்னு ஒரு காசு கிடையாது. முழுக்க முழுக்கச் செய்கூலி.”

“சேதாரம்?”

பதில் சமையலறையிலிருந்து வருகிறது. “சேதாரமெல்லாம் எங்க சேமிப்புக் கணக்குலம்மா.”

மனைவியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். மாமன் மடியில் உட்கார்த்தி, அழ அழக் குத்திய காது அது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த பாரிஸ் கம்மல்களோ பெரும்பாலும் கிளிப். துளையை விட்டுவிட்டு மடலைக் கவ்வும். ஒரு மணி நேரத்தில் தலைவலி, இரண்டாவது மணியில் சண்டை. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று சர முத்துமாலையைப் போட்டுக்கொண்டு ஹைகேட் முருகனைத் தரிசித்துத் திரும்பியபோது, வாய் சும்மா இராமல் இவர் தகவல் சொன்னார். பாரிஸ் செயற்கை முத்தின் மினுமினுப்பு மீன் செதிலில் வடித்த குழம்பு. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஜபமாலை செய்யும் ஒருவர் கண்டுபிடித்த முறை. பரம சைவக் குடும்பம். அன்று ராத்திரி ரசம்கூட இல்லை.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இவர் பக்கத்து நியாயம் ஒன்று என்னை விடவில்லை. நம் வீடுகளில் நகை என்றால் எடை. செய்கூலி என்ற சொல்லைக் கேட்டதும் பேரம் பேசத் தொடங்குகிறோம். வேலை செய்த ஆசாரியின் பெயர் எந்த ரசீதிலும் இருக்காது. இவர் சேர்க்கும் பித்தளைக்குப் பட்டறை தெரிகிறது, ஆண்டு தெரிகிறது, ஊற்றிய கை யாருடையது என்றுகூடச் சில நேரம் தெரிகிறது. அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்துத் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். ஆசாரித் தெருக்களில் உலை அணைந்தது. பட்டினி கிடந்தவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் கட்டிய அட்டிகையில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், செய்தவர் பெயர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் தெரியாது. பெயர்தான் போனது என்றால் நகையாவது இருக்க வேண்டுமே. கல்யாணத்துக்குக் கல்யாணம் அழித்துச் செய்து, பாட்டியின் ராக்கொடி அம்மாவின் வளையலாகி, பிறகு பேத்தியின் சங்கிலியாகிவிட்டது. தங்கம் ஒரு குண்டுமணி குறையவில்லை. வேலைப்பாடு முழுவதும் போய்விட்டது.

இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் மாமியார் போட்ட கெம்பு அட்டிகையை 1985 வாக்கில் அழித்ததை அவராகவே சொன்னார். பின்பக்கம் கிளி செதுக்கியிருந்ததாம். வெளியே யாருக்கும் தெரியாத பக்கத்தில் எதற்குக் கிளி என்று அப்போது சிரித்தார்களாம். மாப்பிள்ளை லென்ஸை மேஜையில் வைத்துவிட்டார். கிளிக்கு எத்தனை இறகு என்றுதான் அடுத்த கேள்வி.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டிலோ டூட்டிங்கிலோ பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுக்கக் கிளம்புகிறவர்கள், போகிற வழியில் ஒருமுறை இவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். நகையைத் திருப்பி முதுகைப் பார்ப்பார், படம் எடுத்து வைத்துக்கொள்வார், முடிந்தால் அழிக்காதீர்கள் என்பார். காசு வாங்கமாட்டார். இரண்டு மணி நேரமாவது ஆகும், சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.