எங்களையும் ஒரு பையராகக் கருத வேண்டி

அனுப்புநர்: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் ஒருவன்.
பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம், கிண்டி, சென்னை.
பொருள்: நொய்யல் பாசன விவசாயிகளை வெளிநாட்டுப் பையர்களாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நலமாக இருக்க வெள்ளிங்கிரி ஆண்டவரையும் சென்னிமலை முருகனையும் வேண்டிக்கொள்கிறேன். முன்னவர் நொய்யல் பிறக்கும் இடத்தில் இருக்கிறார். பின்னவர் அது அணையில் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். இடையில் நடப்பதற்கு இருவரும் பொறுப்பில்லை என்பதால் தங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் கோரிக்கை சிறியது. இந்த ஆற்றுத் தண்ணீரில் பாசனம் செய்ய வேண்டிய எங்களை, இனிமேல் விவசாயி என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத வேண்டாம். பையர், அதாவது திருப்பூர்ப் பனியனை வாங்கும் வெளிநாட்டு வியாபாரி, என்று எழுதிக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறதுங்க.

ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள பெரிய கம்பெனிகள், தாங்கள் விற்கும் சரக்கு எந்த ஊரில், யார் வயிற்றில் அடித்துச் செய்யப்பட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். அதற்கும் முன்பே பெரிய பிராண்டுகள் கூட்டாக ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. இசட்.டி.எச்.சி என்பது அதன் பெயர். அதில் சேர்ந்த சாயப்பட்டறை ஆண்டுக்கு இரண்டு முறை கழிவுநீரைச் சோதித்து, முடிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். ஹாம்பர்க்கில் காபி குடித்துக்கொண்டே பையர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதே சாயப்பட்டறைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவன் என்ன செய்யலாம்? 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனுப் போட்டுவிட்டு, 30 நாள் காத்திருக்கலாம். பனியன் போடுகிறவருக்கு உள்ள மரியாதை தண்ணீர் குடிக்கிறவனுக்கு இல்லை. எனவேதான் பதவி உயர்வு கேட்கிறோம்.

பையர் என்றால் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. இதே நொய்யல் கரையில், அணைக்குப் பக்கத்து ஊரான கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி செய்து ரோமாபுரி வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அகழாய்வில் அந்தக் காலத்துப் பட்டறையெல்லாம் வந்துவிட்டது. அந்த மணிக்காரர்கள் கீழே இருப்பவன் கிணற்றைக் கெடுத்ததாகச் சொல்லும் பானையோடு மட்டும் இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் அணையின் கதை தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோப்பு அடியில் போயிருக்கலாம். ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்று சொல்லி 1992-ல் கட்டி முடித்தார்கள். திருப்பூரில் பனியன் வியாபாரம் ஏற ஏற, அணைக்கு வந்து சேர்ந்தது சாயக் கழிவு. தண்ணீர் திறந்துவிடச் சொல்லி விவசாயி போராடுவதைத்தான் உலகம் பார்த்திருக்கும். இந்த அணையில் தண்ணீரைத் தேக்கவே கூடாது என்று கேட்டு விவசாயியே நீதிமன்றம் போனான். அப்படியோர் அணையைக் கட்டிய பெருமை நமக்கு உண்டுங்க.

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. இழப்பீட்டு ஆணையம் 68 கிராமங்களில் 28,596 பேரைக் கணக்கெடுத்து, 2002 ஆகஸ்ட் முதல் 2004 கடைசி வரைக்குமான நஷ்டமாகச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் வரும். ஒரு போர்வெல்லை ஆழப்படுத்தக்கூடக் காணாது; ஆழப்படுத்தினாலும் அதே உப்புத் தண்ணீர்தான் வரும் என்பது வேறு விஷயம். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத நிலைக்கு வர 2007 ஜூலை வரை கெடு கொடுத்தது. அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு பைசாவில் தொடங்கிப் பத்துப் பைசா வரை அபராதம். லிட்டர் ஆறு பைசாவுக்கு எங்கள் ஆறு விலை போனதைப் பார்த்தபோது, எங்கள் ஊர் பால்காரர்தான் சத்தமாகச் சிரித்தார்.

கெடு போனது. உச்ச நீதிமன்றம் போன வழக்கு 2009-ல் திரும்பியது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்குக் கரண்ட் போயிற்று. அன்றைக்கு நாங்கள் வெடி வெடித்திருப்போம் என்று தாங்கள் நினைக்கலாம். இல்லைங்க. எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் திருப்பூரில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிலம் கெட்டுப்போனதால் போனவர்கள், பட்டறை மூடியதால் திரும்பி வந்தார்கள்; வந்து பார்த்தால் நிலம் கெட்டபடியே கிடந்தது. ஆற்றில் என்ன ஓடுகிறது என்பது தங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தொண்ணூறுகளிலேயே தெரியும். அந்த எண்களை அப்போதே ஊரறியச் சொல்லியிருந்தால், சிறிய செலவில் முடிந்திருக்கும் வேலை அது. சொல்லாமல் வைத்திருந்ததன் பில், வட்டியோடு ஒரே நாளில் வந்தது. அதைக் கட்டியவர்கள் கூலிக்காரர்கள்.

பிறகு திருப்பூர் எழுந்து நின்றது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் இயந்திரமும் ஓடுகின்றன, தண்ணீரும் உப்பும் திரும்பப் பயன்படுகின்றன. இதை நான் கேலி செய்யமாட்டேன். இவ்வளவு பெரிய ஊரே கழிவுநீரைத் திரும்ப எடுத்துப் புழங்குவது லேசான காரியம் இல்லை. பிரிக்க முடியாத கலவை உப்பு மட்டும் சாக்குச் சாக்காக முற்றத்தில் குவிந்து, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் எங்களைப் போலத்தான், வாரியத்தின் முடிவுக்குக் காத்திருக்கிறது.

ஆனால் மழை பெய்தால் நொய்யல் நுரைக்கிறதே, அது என்னங்க? சூலூர்ப் பக்கம் நுரைத்தால் கோயம்புத்தூர்ச் சாக்கடை என்கிறார்கள். திருப்பூருக்குக் கீழே நிறம் மாறினால் உரிமம் இல்லாத பட்டறை என்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அதற்கடுத்த நாள், மாதிரி எடுக்கப்பட்டது என்று செய்தி வரும். மாதிரியின் முடிவு என்ன ஆயிற்று என்று எந்தப் பத்திரிகையிலும் எங்கள் கண்ணுக்குப் பட்டதில்லை.

2014-ல் மத்திய வாரியம், அதிகம் மாசுபடுத்தும் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைனில் கண்காணிக்கும் கருவி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்படியானால் எண்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் கிண்டிக்கு வருகின்றன. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிண்டிக்குத் தெரிவது, அதே ஆற்றங்கரையில் இருக்கும் எங்களுக்குத் தெரியக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உள்ள சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. நாட்டிலேயே முதலில், 1997-ல், தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடு. பின்னால் வந்த 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது. அலுவலகங்களில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது 6(3)-ஆம் பிரிவு ஒன்றுதான். மனுவை ஐந்து நாளுக்குள் வேறு அலுவலகத்துக்குத் தள்ளிவிடும் பிரிவு அது. நம் நாட்டில் கெடு தவறாமல் நடக்கும் ஒரே அரசு வேலை அதுவாகத்தான் இருக்கும்.

இதில் எங்களைவிட அதிகம் நஷ்டப்படுகிறவர் யாரென்றால், கோடிக்கணக்கில் போட்டு ஒழுங்காகச் சுத்திகரிக்கும் பட்டறை முதலாளி. ராத்திரி மழையோடு மழையாக வால்வைத் திறந்துவிடுகிறவன் கிலோவுக்குக் கம்மி ரேட் சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறான். எண்களை மூடி வைத்தால் அது அவனுக்குச் செய்யும் மானியம். நாளைக்கு மறுபடியும் ஒரு ஜனவரி 28 வந்தால் கரண்ட் போவது இரண்டு பேருக்கும்தான்.

ஆகவே, எங்களைப் பையராக அறிவிப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் இருந்தால், குறைந்தபட்சம் இதைச் செய்து கொடுங்கள். ஒரத்துப்பாளையம் அணை முகப்பில் ஒரு பலகை வையுங்கள். அன்றைய டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்பு, எவ்வளவு, அனுமதித்த லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேலா கீழா, மாதிரி எடுத்தது எந்தத் தேதி, எடுத்த அதிகாரி யார் என்று தமிழில் எழுதுங்கள். சோமனூரிலும் மங்கலத்திலும் திருப்பூர்ப் பாலத்திலும் இதேபோல் ஒவ்வொன்று. மின்பலகை வேண்டாம், டெண்டர் அது இது என்று இழுக்கும். கரும்பலகையும் ஒரு டப்பா சாக்கட்டியும் போதும். சாக்கட்டிச் செலவை எங்கள் பாசன சங்கம் ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பையர் (விண்ணப்ப நிலையில்)

நகல்: ஹாம்பர்க்கில் உள்ள பையர்களுக்கு, தகவலுக்காக. தாங்கள் பதில் போடத் தாமதமானால், அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.