நாலு மில்லிமீட்டர் ஆசை

நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீக்காரர்களைப் பிடித்தாட்டும் கவலை ஒன்றுதான்: பம்பு சின்னதாக இருக்கிறதாம். பழைய யமஹா சூப்பர்ஜெட் வண்டியின் பம்பு விட்டம் 144 மில்லிமீட்டர். ஏதோ யோசித்துத்தான் பொறியாளர்கள் அப்படி வைத்தார்கள். ஆனால் அரிசோனாவின் லேக் ஹவாசு பக்கம் போனால், பொறியாளர் பேச்செல்லாம் கரையோடு சரி. அங்கே 148 என்பது ஆசை, 155 என்பது அந்தஸ்து.

பம்பு செய்வது எளிய வேலை. இம்பெல்லர் அடியிலிருந்து நீரை இழுத்துத் தள்ளும்; ஸ்டேட்டர் அதன் சுழலை நேராக்கும்; குறுகிய நாசில் வேகத்தைக் கூட்டி வெளியே பீய்ச்சும். பெரிய பம்பு அதிக நீரைத் தள்ளும், உண்மைதான். அதைச் சுழற்ற எஞ்சினுக்கும் தெம்பு வேண்டுமே! ஆகவே புது கார்புரேட்டர், புது எக்ஸாஸ்ட். 155 உள்ளே நுழைய இடமில்லையா? வண்டியின் அடிக்கூட்டைக் குடைந்து, எபாக்சி பூசினால் போயிற்று. மாப்பிள்ளை ஒருவர், கூட வரும் சம்பந்திகள் பத்துப் பேர்.

பல வண்டிகளில் உண்மையான கோளாறு வேறு. கல் பட்டு மழுங்கிய இம்பெல்லர், அதைச் சுற்றியிருக்கும் தேய்ந்த வேர் ரிங். இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகன்றால் நீர் பின்னோக்கிக் கசியும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. ரிங்கை மாற்றினால் தீரும். ஆனால் ரிங் மாற்றினேன் என்று சொன்னால் கரையில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்தப் பெரிய பம்பையும் மெக்னீசியத்தில் வாங்குவதே உசத்தி, எடை குறையுமாம். அதை மாட்டிய கையோடு இரட்டை பர்கரைப் பிடித்தால் கணக்கு நேராகிவிடும்.