ஜங்ஷன் மேதைக்கு ஒரு வாழ்த்து

திருநெல்வேலி ஜங்ஷனில், ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு கார் மெக்கானிக் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வெளியூர்க் கூட்டம் குவிந்து, உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு அவர் கிடைக்காமல் போய்விடுவார். நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் சுரம் பேசும் கல்தூண்களைச் செதுக்கியவர்களின் ஊர் இது. அவர்களுடைய செவிச்செல்வம் தலைமுறை தலைமுறையாக நடந்து களைத்து, இவரிடம் வந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

என் அத்தானிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் உண்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த உறவுமுறையில் அத்தானும் தன் வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்றே சொல்லுவார். 948 சிசி எஞ்சின் மட்டும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அம்பாசமுத்திரம் ரோட்டில் அறுபதைத் தொட்டதும் பின்சீட்டுக்கு அடியில் ஒரு முனகல் கிளம்பும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிற்கும். மிதித்தால் திரும்ப வரும்.

ஒரு வண்டி இதற்கு மேல் வாய்திறந்து சொல்ல முடியாது. ஹெரால்டில் டிஃபரன்ஷியலைச் சேஸியோடு சேர்த்து போல்ட் போட்டிருப்பார்கள். உள்ளே பல் தேய்ந்தால் சேதி நேரே சீட்டுக்கு வந்துவிடும். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிரவுன் பல்லின் ஒரு முகம், காலை எடுக்கும்போது மட்டும் கேட்டால் மறுமுகம். இரண்டிலும் மாறாமல் கரகரத்தால் பேரிங். வளைவில் மட்டும் கேட்டால் வீல் பேரிங்கையோ உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களையோ பார்க்கலாம். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். சாதாரண ஆளுக்கு நாலுவழிச் சாலையில் ஒரு மேம்பாலம் போதும்: ஏறும்போது எஞ்சின் வண்டியை இழுக்கும், இறங்கும்போது வண்டி எஞ்சினைத் தள்ளும், வித்தியாசம் தானாகக் காதில் விழும். ஆனால் அதற்கு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். மேதைகள் ஓட்டிப் பார்ப்பதில்லை.

நிறுத்தியிருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பின்டயரில் ஒரு உதை விட்டார்.

"இது டயர் சத்தம்லா, அண்ணாச்சி. நாலையும் மாத்திருவோம்."

"காலை எடுத்தா நின்னுருதே, தம்பி?"

"அது அப்படித்தான் இருக்கும். மாத்திப் பாத்துட்டுப் பிறவு சொல்லுங்க."

மாற்றினோம். பழைய டயர்களின் இரைச்சல் போனதால் முனகல் முன்னைவிடச் சுத்தமாகக் கேட்டது. இன்னொருவராக இருந்தால் சங்கடப்பட்டிருப்பார். இவர் முகம் மலர்ந்து, "இப்பத்தான் சத்தம் துலக்கமா வருது, பாத்தியளா?" என்றார். அடுத்து வீல் பேரிங்குகள். அதன்பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ். கிராஸ் போயிருந்தால் கிளட்சை விடும்போது 'டக்'கென்று ஓர் அடி விழுமே தவிர முனகாது. அந்த மாதிரிக் கட்டுப்பாடெல்லாம் சின்ன மெக்கானிக்குகளுக்கு. கழற்றிய பேரிங்குகளை விரலால் சுற்றினேன், வெண்ணெயாகச் சுழன்றன. பொருளை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. துடைத்து, கிரீஸ் தடவி, அடுத்த வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டார், புது விலைக்கு.

நீளத் திருப்புளியை ஹவுசிங்கில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பது பழைய பஸ் மெக்கானிக்குகளின் வழக்கம். டி.வி.எஸ்ஸைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் பிறந்த திருக்குறுங்குடி இந்தச் சீமைதானே, பஸ்ஸுக்கும் எங்களுக்கும் பழைய உறவு. பினியன், கிரவுன் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலுவதால் அதன் பேரிங் கீச்சென்று கேட்கும், கிரவுன் பக்கத்துப் பேரிங் அடித்தொண்டையில் உறுமும். கூலி எதுவும் இல்லாத சோதனை. கூலி இல்லாத எதையும் செய்து தன் தொழிலின் மதிப்பைக் குறைக்க நம்மவர் இடம் கொடுப்பதில்லை. அவரிடம் இருக்கும் திருப்புளி பெயின்ட் டப்பா திறக்க மட்டும்.

கடைசியில் அத்தானே கெஞ்சித்தான் ஆயில் பிளக்கைத் திறக்கவைத்தார். துளையின் விளிம்பு வரை நிற்கவேண்டிய தொண்ணூறு கியர் ஆயில், விரலை உள்ளே விட்டு மடக்கியும் அகப்படவில்லை. நுனியில் ஒட்டிவந்த கறுப்புத் துளியை வெயிலில் காட்டினால், உள்ளே வெள்ளிப்பொடி மினுங்கியது. "நல்ல ஆயில்னா இப்படித்தான் மினுங்கும்" என்று நமக்கு ஆறுதல் சொன்னார்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. மாற்றினால் இரண்டையும் மாற்றவேண்டும் என்பார்கள். நம்மவர் ஜாதகம் பார்க்காத சீர்திருத்தக்காரர். எங்கோ உடைத்துப்போட்ட வண்டியின் பினியனைக் கொண்டுவந்து இந்த கிரவுனுக்குக் கட்டிவைத்தார். பல்லில் நீலச் சாயம் தடவித் தடம் பார்ப்பது, டயல் கேஜ் வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்று பிளே அளப்பது எல்லாம் அவநம்பிக்கையாளர்களின் வேலை. ஷிம் தேவைப்பட்டது; கூல்டிரிங்ஸ் டின் ஒன்றைக் கத்தரியால் வெட்டினார். பலன் உடனே தெரிந்தது: அதுவரை மிதித்தால் மட்டும் முனகிய வண்டி, இப்போது காலை எடுத்தாலும் முனகியது. பாரபட்சம் ஒழிந்தது.

பிறகு ஆயிலோடு மரத்தூள். பழைய கார் விற்பவர்கள் உலகமெங்கும் கைக்கொள்ளும் மருந்து. வண்டி சேரன்மகாதேவி வரைக்கும் மௌனமாகப் போனது.

இதையெல்லாம் தனிமனிதத் திறமை என்று சுருக்குவது அநியாயம். எழுபதுகளில் அதே கம்பெனி கேசல் காரைக் கொண்டுவந்தபோது, சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஹெரால்டின் பின்பக்க அமைப்பைக் கைவிட்டு, முழு ஆக்சிலாகப் போட்டது. வாங்கினவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த அமைப்பு ஒத்துவரவில்லை என்பது காரணம். சீமைப் பொறியாளர்களையே பணியவைத்த அந்தப் பரம்பரையில் இவர் இன்றும் கைசளைக்காமல் உழைக்கிறார்.

போன வாரம் அத்தான் போய் நின்றபோது, நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் பின்னாடி கேட்டாலும் முன்னாடி இருந்துதான் வருதுன்னு நினைக்கேன், அண்ணாச்சி. எஞ்சினை இறக்கிப் பாத்துருவோம்."

இறக்கியாகிவிட்டது. இப்போது சத்தமே இல்லை.