பூந்தமல்லியில் ஒரு வெள்ளைக்கார மனுதாரர்

வெளிநாட்டில் குடியேறப்போன பிள்ளைகள் விசா, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு என்று கவுண்டர் கவுண்டராக அலைந்துவிட்டு ராத்திரி போனில் புலம்புவார்கள். நான் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: "பிரான்சிஸ் டே பட்ட பாட்டை விடவாப்பா?"

டே, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். ஆந்திரக் கரையில் ஆர்மகானில் போட்ட கடை ஈயாடவே, வேறு இடம் தேடி 1639 ஜூலை 27 அன்று மதராசப்பட்டினத்தில் வந்து இறங்கினார். வெறும் மணல். கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகம்கூட இல்லை. "துணி இங்கே மலிவு" என்பது மேலிடத்துக்கு அவர் சொன்ன காரணம். பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு 'வேண்டிய' அம்மாள் ஒருத்தி இருந்தாள் என்பது ஊர் சொன்ன காரணம்.

இடம் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கருடையது. அவர் இருந்தது வந்தவாசியில். இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் தம்பி ஐயப்ப நாயக்கர், ஜாகை பூந்தமல்லி. ஆக, வெள்ளைக்காரன் இங்கே கால் ஊன்றத் தயவு தேடிய வாசல் நம்ம பூந்தமல்லி! தம்பிக்கு மேலே அண்ணன், அண்ணனுக்கு மேலே விஜயநகர ராயர். டேயின் கட்சி மட்டும் சளைத்ததா? அவருக்கு மேலே மசூலிப்பட்டினம், அதற்கு மேலே சூரத், எல்லாவற்றுக்கும் மேலே லண்டன். கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்வர வேண்டும். 'ஃபைல் மூவ் ஆகுது சார்' என்பது அன்றைக்கு நிஜமாகவே கப்பலில் நடந்தது.

இத்தனைக்கும் நாயக்கர் தாராளம். சுங்கத்தில் பாதி, நாணயம் அடிக்கும் உரிமை, போதாதற்குக் கோட்டையும் கட்டித்தருவதாக வாக்கு. ஆனால் பத்திரத்தின் நகல்களில் தேதியைப் பார்த்தால் ஜூலை 22! மனுதாரர் ஊருக்கு வந்ததே 27-ம் தேதி. வருவதற்கு ஐந்து நாள் முன்பே வேலையை முடித்துக்கொடுத்த அலுவலகம் உலகத்தில் எங்கும் கிடையாது என்பதால், சரித்திரக்காரர்கள் அதை ஆகஸ்ட் என்று திருத்திக்கொண்டார்கள். வருஷா வருஷம் நாம் கொண்டாடும் சென்னை தினம், பிழைதிருத்தம் செய்த பிறப்புச் சான்றிதழ்.

1640 பிப்ரவரியில் டேயும் அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். கோட்டைக்கு நாயக்கர் தரப்பிலிருந்து காசு வரவில்லை. கம்பெனியோ, "உன்னை யார் கட்டச் சொன்னது?" என்கிற ரகம். கடைசியில், கோட்டை முடிகிறவரை செலவுக்கான வட்டியைத் தானே கட்டுவதாக டே வாய்விட்டார். முதலாளிக்குக் கோட்டை கட்ட, சம்பளக்காரர் வட்டி கட்டுவது! கோகன் சீமைக்குப் போனபிறகும் இந்தச் செலவுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது.

சரி, பத்திரம் கையில் இருக்கிறதே என்றால், ஆட்சி மாறியது. 1645-ல் ஸ்ரீரங்க ராயரிடம் புதுப்பித்தல். புதுப் பத்திரத்தில் ராயர் ஊருக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். அந்தப் பெயர் பழகுவதற்குள் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா வந்தார். மறுபடி முதலிலிருந்து புதுப்பித்தல். 1672-ல் வருஷத்துக்கு 1200 பகோடா நாணயம் குத்தகை என்று ஒருவழியாக முடிவானது. அப்பாடா என்று உட்கார்ந்தால், கோல்கொண்டா சார்பில் பூந்தமல்லியில் உட்கார்ந்திருந்த லிங்கப்பா, சரக்கு கோட்டைக்குள் போகும் வழியை மறித்தார். கோட்டையில் பீரங்கி இருந்தது. ஆனால் சோறும் துணியும் வரும் பாதை லிங்கப்பா கையில் இருந்தது.

இதற்கு வெள்ளைக்காரர் கண்டுபிடித்த பரிகாரம் நமக்குத் தோன்றாதது. 1750 வாக்கில், ஆற்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து பூந்தமல்லியையே வாங்கிக்கொண்டார்கள். மனு கொடுத்து மனு கொடுத்து அலுத்தவன், கவுண்டரையே விலை பேசிவிட்டான்!

நூறு வருஷம் வெளியே நின்றவனுக்கு நிற்கிறவனின் கால்வலி தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவன் செய்த முதல் காரியம், நம்மை வரிசையில் நிற்கச் சொன்னது. அவன் 1947-ல் எழுந்து போய்விட்டான். வரிசை இன்னும் நகரவில்லை.