பத்துக்கு ஏழு புள்ளி மூணு

பாட்டைக் கேட்டுவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவர்களால் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கேட்டுவிட்டு மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ரகம். மரக்காணத்தில் அந்த ரகத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதி. ஊரில் அவரை ஆல்பம் அண்ணன் என்பார்கள். முகத்துக்கு நேரே அண்ணன், முதுகுக்குப் பின்னால் ஆல்பம்.

அடையாளம் சுலபம். சித்திரை வெயிலில் உப்பளம் முழுக்கக் கண் கூசும் வெள்ளை. நடு வரப்பில் கறுப்பு டி-சர்ட் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால் அவர்தான். நெஞ்சில் ஒரு இசைக்குழுவின் பெயர் எழுதியிருக்கும். எழுத்து என்று அவர் சொல்லித்தான் தெரியும். பார்வைக்குப் பனங்கன்றை வேரோடு பிடுங்கிக் காயப்போட்ட மாதிரி இருக்கும். படிக்க முடிகிற பெயருள்ள குழுவை அவர் மதிப்பதில்லை.

வாரத்தில் ஐந்து நாள் சென்னையில், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஜன்னலோர சீட், காதை முழுசாக மூடும் ஹெட்போன். கண்டக்டர் தொண்டை கிழிய ‘மரக்காணம் எறங்கு’ என்று கத்தியும் கேட்காமல் அனுமந்தை வரை போய் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்த கதைகள் உண்டு. ‘டிரம் சோலோ நடுவுல எப்படிம்மா எறங்கறது?’ என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா அடுப்பில் தோசையைத் திருப்பிப் போடுவார். அந்த வீட்டில் இசை விமர்சனத்துக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அதுதான்.

இந்த மண்ணுக்குப் பாட்டுக்காரர்கள் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். சீறியாழைத் தூக்கிக்கொண்டு ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போன பாணர்களுக்கு இங்கே பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைத்தன. அண்ணன் அப்போது இருந்திருந்தால் மீனைக் கொடுத்துவிட்டு, ‘யாழ் பரவால்ல, ஆனா போன வருஷம் வந்த செட்டுதான் செட்டு’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அவருடைய வேதப் புத்தகம் 1993 செப்டம்பரில் வெளிவந்த ‘ஃபோகஸ்’ என்ற ஆல்பம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து மயாமியைச் சேர்ந்த சினிக் என்ற குழு போட்டது. எட்டே பாட்டு, மொத்தம் 36 நிமிஷம். எண்பதுகளின் கடைசியில் அந்த ஃபுளோரிடாவில்தான் டெத் மெட்டல் கொழுத்து வளர்ந்தது. கிட்டாரின் சுருதியைக் கீழே இறக்கி, டிரம்மை இரண்டு காலாலும் மிதித்து, பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். சாவு, பிணம், அழுகல் எல்லாம் பாடுபொருள். சினிக் குழுவினரும் அங்கே பயின்றவர்கள்தான்; அதில் பால் மாஸ்விடாலும் ஷான் ரைனர்ட்டும் ‘டெத்’ என்றே பெயர் வைத்துக்கொண்ட குழுவின் 1991 ஆல்பத்தில் வாசித்தவர்கள். ஆனால் வீட்டுக்குப் போய் ஜாஸ் கேட்கிற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அதனால் ‘ஃபோகஸ்’ இடிப்பது போல ஆரம்பித்து, நடுவில் சட்டென்று ஏ.சி. போட்ட ஓட்டல் மாடிக்குப் போய்விடும். பாஸ் கிட்டார் வழுக்கிக்கொண்டு ஓடும், தாளம் எண்ணப் போனால் விரல் பத்தாது, உறுமலுக்கு நடுவே ஒரு எந்திரக் குரல் சாந்தமாக ஏதோ சொல்லும்.

டெத் மெட்டலையும் ஜாஸையும் முதலில் சேர்த்தது இவர்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் அண்ணன் ஒரு விரலைத் தூக்குவார். ‘ஏதீஸ்ட். அன்கொஸ்ச்சனபிள் பிரசன்ஸ். 1991.’ அவ்வளவுதான். விரல் இறங்கிவிடும். சரி, முதலில் சேர்த்தது ஏதீஸ்ட் என்று நாம் ஒத்துக்கொண்டால் விரல் மறுபடியும் ஏறும். ‘சினிக் 1991 டெமோ கேட்டிருக்கியா?’ எந்த ஆல்பத்துக்கும் முன்னால் ஒரு டெமோ இருக்கும், சரக்கு எல்லாம் அதில்தான் இருக்கும், அதை நாம் கேட்டிருக்க மாட்டோம். இந்த மூன்றும் தெரிந்தால் இந்த ரகத்தின் பாதி சாஸ்திரம் கைவசம்.

மீதிப் பாதி, எதிரே யார் என்பதைப் பொறுத்தது. மெட்டல் கேட்கும் காலேஜ் பையன்களிடம் ‘இது அடிப்படையில ஜாஸ்டா’ என்பார். புதுச்சேரியில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிற ஜாஸ்காரர்களிடம் ‘நீங்க இதை மெட்டலா கேக்கணும் சார்’ என்பார். இளையராஜா ரசிகர்கள் 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’டை எடுத்தால் அதற்கு 7.8 என்று சொல்லி அடிதடி வரை கொண்டுபோவார்; வெளிநாட்டு நண்பர் யாராவது சிக்கினால் அதே ஆல்பத்தை, ‘நீங்கள்லாம் இப்ப கண்டுபிடிக்கிறதை எங்க ராஜா அப்பவே முடிச்சிட்டாரு’ என்று தூக்கி வைப்பார். இரண்டும் உண்மையான அபிப்பிராயங்கள். இருக்கிற இடத்தில் இல்லாத அபிப்பிராயத்தைச் சொல்வதை அவர் ஒரு சமூக சேவையாகவே செய்கிறார்.

‘ஃபோகஸ் வந்தப்பவே கேட்டேன்’ என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். கணக்குப் பார்த்தால் 1993-ல் அண்ணனுக்கு ஒன்பது வயது, டிரவுசர் நாடா கட்டத் தெரியாது, வீட்டில் இருந்த ஒரே டேப் ரிக்கார்டரில் சீர்காழி கோவிந்தராஜன் முருகன் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். இதைக் கேட்கக்கூடாது. அந்தக் காலத்து சபா ரசிகர்கள் ஜி.என்.பி. கச்சேரிக்குத் தொட்டிலிலிருந்தே போய்வந்ததாகச் சொல்லவில்லையா? ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயை அடைக்க முடியாது. 2009 பிப்ரவரியில் ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தபோது நிஜமாகவே முன்வரிசையில் இருந்தார். அன்று நெரிசலில் போன செருப்பின் ஜோடி இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது.

எல்லா ஆல்பத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் உண்டு, தசமப் புள்ளியோடு. ‘ஃபோகஸ்’ 9.4. ஏன் பத்து இல்லை என்றால், ‘பத்து யாருக்கும் கிடையாது’ என்பார். ஒருநாள் அப்பா உப்புநீரில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் குனிந்திருந்தார். மகன் வரப்பில் நின்றபடி போனில் யாருக்கோ 8.3, 8.4 என்று மார்க் விநியோகம் செய்துகொண்டிருந்தார்.

‘ஏன்டா, உன் பாட்டு எத்தினி டிகிரியில கட்டும்?’

‘என்னப்பா?’

‘இது இருபத்தஞ்சு வந்தா உப்பு கட்டும். வரலன்னா தண்ணி. உனுக்கு எதுல கட்டும்?’

‘இதெல்லாம் ஏழாவது தடவை கேக்கும்போதுதான்ப்பா தொறக்கும்.’

‘ஏழு தடவ தண்ணி பாய்ச்சினா பாத்தி ஒடைஞ்சிரும்டா’ என்றார் அப்பா.

இனி முக்கியமான சம்பவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அண்ணன் புது ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து வைத்து ‘ஃபோகஸ்’ போட்டார். ஊருக்கு அறிவூட்டுவது நோக்கம். பெஞ்சில் இருந்தவர்கள் நான்கைந்து பேர். அதில் ஒருவர் தெருக்கூத்து வாத்தியார். விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடி ஆடித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

முதல் உறுமல் வந்ததும் வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

‘துச்சாதனன்தானே?’

‘இல்லிங்க வாத்தியாரே, இது டெத் மெட்டல்.’

‘திரைக்குப் பின்னால நின்னு உறுமுறான். எப்ப வெளிய வருவான்?’

‘வரமாட்டாங்க. இது ரிக்கார்டிங்.’

எந்திரக் குரல் வந்தது. வாத்தியார் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். ‘அசரீரி’ என்றார். அடுத்து கிட்டார் தனியாக மேலே ஏறியபோது ‘முகவீணை’ என்றார். தாளம் தடம் மாறியபோது தொடையில் தட்டிப் பார்த்து, இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்கு அந்த இடம் பிடிபட வருஷக்கணக்கானது. எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ‘இதுல கதையெல்லாம் கெடையாதுங்க’ என்று அண்ணன் கடைசியாகச் சொல்லிப் பார்த்தார்.

‘கதை இல்லாம எதுக்குப்பா இவ்ளோ கோவம்?’

உப்பளத்துக்குப் போகும் அத்தை ஒருவர் பார்சல் டீக்கு நின்றிருந்தார். தை பிறந்ததும் பாத்தியைக் களிமண் இறுகும்வரை காலால் மிதித்து மிதித்துச் சமன் பண்ணும் வேலை அவருக்கு. ‘அந்த மோளக்காரன் ரெண்டு காலாலயும் அடிக்கிறானாப்பா?’ என்று விசாரித்தார். ஆமாம் என்றதும், ‘வர்ற தைக்கு வரச் சொல்லு. ரெண்டாள் கூலி வாங்கித் தர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஷான் ரைனர்ட் 2020 ஜனவரியில் காலமாகிவிட்டார் என்பதைச் சொல்ல அண்ணனுக்கு மனம் வரவில்லை. அன்று அவர் காட்டிய ஒரே பெருந்தன்மை அது.

வீட்டில் அம்மா சொன்ன விமர்சனம் இன்னும் சுருக்கம். ‘யாரு பெத்த புள்ளையோ, தொண்ட புண்ணாயிரும். மெளகுப்பால் குடிக்கச் சொல்லு.’ அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு அம்மா சொன்னது வரலாறு. உறுமி உறுமி மாஸ்விடாலின் குரல் போய்விடும் நிலை வந்ததால்தான் ‘ஃபோகஸ்’ ஆல்பத்தில் டோனி டீகார்டன் என்ற வேறொருவரை உறுமவைத்து, தாம் எந்திரக் குரலுக்கு மாறிக்கொண்டார். தோசைக் கல் முன்னால் நின்று ஒரு தடவை கேட்டதில் இதைக் கண்டுபிடித்தவருக்கு எத்தனை மார்க் போடலாம் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்தக் குழுவின் ஒத்திகை அறையை 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் நாசமாக்கியதையும், அதனால் ஒலிப்பதிவே தள்ளிப்போனதையும் அண்ணன் டீக்கடையில் சொல்லித் தொலைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. தானே, நிவர் என்று புயல்களைப் பெயர் சொல்லி வரிசையாக வைத்திருக்கும் ஊர் இது. ‘அடப்பாவமே, கூரை போச்சா?’ என்றார்கள். ‘நிவாரணம் ஏதாவது குடுத்தானா?’ என்றார்கள். சினிக் அன்று சாயங்காலத்துக்குள் மரக்காணத்துச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.

அண்ணன் எதிர்பார்த்தது வேறு. 1994-ல் சினிக், கேனிபல் கார்ப்ஸ் குழுவோடு அமெரிக்காவில் ஊர் ஊராகப் போனபோது, பிணம் தின்னும் பாட்டுக்காக வந்த கூட்டம் இவர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். ஊர் கூச்சல் போட வேண்டும், தாம் ஒருவர் மட்டும் மூலையில் நின்று புன்னகைக்க வேண்டும். இந்த ரகத்துக்கு மோட்சம் அதுதான். மரக்காணத்தில் ஒருவரும் கூச்சல் போடவில்லை. மறு வாரம் வாத்தியார், ‘அந்த துச்சாதனன் பாட்டு போடு தம்பி’ என்று கேட்டு வாங்கினார். கபடிப் போட்டியில் பையன்கள் அணி நுழையும்போது அதைப் போட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். அனுமந்தையில் இறங்கி அதே ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, டிரைவரின் சட்டைப் பையிலிருந்து டீகார்டன் உறுமியதை அண்ணன் கேட்டார்.

அடுத்த நாள் ‘ஃபோகஸ்’ மார்க் 7.3 ஆகியிருந்தது.

‘ரெண்டு மார்க்குக்கு மேல எப்படிண்ணே கொறஞ்சது?’

‘இப்ப கேக்கும்போது கொஞ்சம் ஜனரஞ்சகமா இருக்கு.’

பக்கத்துக் கழுவேலி ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்களிடமும் இந்த வியாதியின் லேசான அறிகுறிகளைப் பார்த்திருக்கிறேன். 2024-ல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததும் கூட்டம் வரத்தொடங்கியது. அதற்கு முன்னாலேயே வந்துபோனவர்கள் பூநாரையைக்கூட அன்றோடு மதிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அதே 2024 நவம்பர் 22-ம் தேதி ஓபெத் புது ஆல்பம் போட்டது. 2008-க்குப் பிறகு உறுமலை விட்டுவிட்டு நல்ல பிள்ளைகளாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் மறுபடியும் உறுமியிருந்தார்கள். நடுவில் ஜெத்ரோ டல் குழுவின் ஐயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வேறு. அண்ணன் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தார், அமைதியாக ஏழு தடவை கேட்பதற்கு. 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பாத்திகள் எங்கே, வரப்பு எங்கே, கழி எங்கே என்று தெரியாமல் உப்பளம் பூராவும் ஒரே தண்ணீர். கரன்ட் இல்லை. ஊரே பவர் பேங்குக்கு அலைந்தபோது, மாமா ஒருவர் மகளுக்குப் போன் பேசக் கேட்டும் அண்ணன் தம்முடைய பவர் பேங்கைக் கொடுக்காமல் நாலாவது தடவை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பிடுங்கிக் கொடுத்தார்.

கரன்ட் வந்த அன்று டீக்கடையில் வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

‘புதுசா ஏதோ வந்திருக்காமே, தம்பி. இதுல துச்சாதனன் உண்டா?’

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். சொன்னால் ஊருக்குப் பிடித்துவிடும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

‘பதினாறு வருஷம் உறுமாம இருந்துட்டு இப்பதாங்க உறுமியிருக்காரு.’

‘பதினாறா? பாண்டவனுக்கே பதிமூணுதான்ப்பா. இந்தாளு என்னாத்த வச்சி சூதாடினானோ!’ என்று சொல்லிவிட்டு வாத்தியார், டீயில் சர்க்கரை தூக்கல் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார்.