கட்டுவதா, வாங்குவதா?

ஹோம் தியேட்டருக்குச் சப்வூஃபரைக் கடையில் வாங்குகிறவர்கள் விவரமில்லாதவர்கள். ஒயரைச் செருகி அன்றைக்கே படம் பார்த்துவிடுகிறார்கள். அதில் என்ன சுகம்?

விவரமானவர் ரிச்சி தெருவில் 12 அங்குல டிரைவரும் ஆம்ப்ளிஃபயர் போர்டும் வாங்குவார். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையை ஹாலிலேயே அறுப்பார்; தூள் சாம்பார்வரை போய்ச் சேரும். பெட்டியின் கொள்ளளவு சில லிட்டர் பிசகினால் ‘கும்’ வராது, ‘கொழகொழ’தான். ஆகவே இன்னொரு பெட்டி. அதற்கொரு நல்ல ரம்பம். ரம்பத்துக்கொரு மேஜை. பணம் இப்படித்தான் மிச்சமாகிறது.

ஒருவழியாகப் பெட்டி தயார். 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். ஹாலின் நீளம் நான்கு. அதனாலென்ன? அதிர்வு எப்படியாவது வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

கீழ்வீட்டு மாமா முழுப்படமும் கேட்டுவிட்டார். க்ளைமாக்ஸ் கொஞ்சம் இழுவையாம்.