மூன்றரை மில்லிமீட்டர் துணிச்சல்

போடிநாயக்கனூர்க்காரனுக்கு மில்லிமீட்டர் கணக்குச் சொல்லித் தரவேண்டாம். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற ஏலக்காய்க்கு ஒரு விலை, ஒழுகி விழுகிற காய்க்கு வேறு விலை என்று பிழைக்கிற ஊர் இது. காய் பொறுக்குகிற அக்காமார் சல்லடைகூட இல்லாமல் கண்ணாலேயே அளந்து தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று பட்டப்பகலில் களவு போயிருக்கிறது. பறிகொடுத்தவர்களே கடையில் வரிசையில் நின்று, களவாண்டவனுக்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

புதுப் போனோடு கடைக்குப் போய், "தம்பி, உருண்ட பின் வச்ச ஹெட்செட் ஒண்ணு குடு" என்றேன். பையன் என் முகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "அண்ணே, இதுல அந்த ஓட்டையே கிடையாது. இன்னுமா வயரு? பட்ஸ் போட்டுக்கங்க. வயருதான் வேணும்னா கன்வெர்ட்டர் தாரேன். ஆனா அதைச் சொருகிட்டா சார்ஜ் போட முடியாது." இருந்ததை எடுத்துவிட்டார்கள், இல்லாததற்கு இரண்டு மருந்து விற்கிறார்கள்.

இந்த ஓட்டையின் பரம்பரை சாதாரணமானதல்ல. 1878 வாக்கில் தொலைபேசி இணைப்பகங்களில் பெண்கள் சொருகிப் பிடுங்கிய தடித்த பின்தான் இதன் பாட்டன். மெலிந்து மெலிந்து டிரான்சிஸ்டருக்கு வந்து, 1979-இல் வாக்மேனில் ஏறி உலகம் சுற்றியது. எந்தக் கம்பெனி வயரும் எந்தக் கம்பெனி போனிலும் சேரும். சாதி பார்க்காத ஓட்டை. வியாபாரிக்கு அதுதான் கண்ணை உறுத்தியது.

2016 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிள் கம்பெனியின் ஃபில் ஷில்லர் ஐபோன் 7-இல் அந்த ஓட்டை இல்லை என்று அறிவித்தார். காரணம் ஒரே சொல்லாம்: துணிச்சல். அதே மேடையில் வயரில்லாத ஏர்பாட்ஸையும் எடுத்துக் காட்டினார்கள். நம் நாட்டில் அதற்கு வைத்த விலை 15,400 ரூபாய். ஊர்க் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் பக்கத்திலேயே தண்ணீர் கேன் விற்கிறவனுக்குப் போடியில் வேறு பெயர்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் போனில் ஓட்டை உண்டு என்று சாம்சங் மேடையிலேயே கிண்டலடித்தது. 2019-இல் நோட் 10-இல் தானும் அடைத்தது. கூகுளும் 2016-இல் விளம்பரம் போட்டுப் பீற்றியது. மறு வருஷமே பிக்சல் 2-இல் அடைத்தது. 2020-இல் ஆப்பிள் பெட்டியோடு தந்துவந்த வயர் ஹெட்செட்டையும் உருவிக்கொண்டது. பூமித்தாயைக் காப்பாற்றவாம்! காதுக்கு ஒன்று, மறுகாதுக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று என்று மூன்று லித்தியம் பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டி விற்கிறார்கள். சில வருஷத்தில் அது செத்தால் பிரித்து மாற்றவும் வழியில்லை. அதை என்ன செய்ய, ஏலச்செடிக்கு உரமாகப் போடவா?

விடிகாலையில் போடிமெட்டுக்கு ஏறுகிற ஜீப்பைப் பாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவு, தூக்குவாளி, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற நெரிசல். தலையில் கட்டிய துண்டுக்குள் ஒரு வயர் ஓடுகிறது. "மதினி, இந்தக் காதை நீங்க வச்சுக்கங்க." ஒரு போன், ஒரு ஹெட்செட், இரண்டு பேர். 100.5-இல் கொடைக்கானல் பண்பலை பாடுகிறது. அந்த வயர்தான் ரேடியோவுக்கு ஏரியல். நெட்டும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். மேலே போனால் ஏலக்காய் செடியின் தூரோடு சரம் விட்டுக் கிடக்கும். குத்துக்காலிட்டுக் குனிந்தே எடுக்கவேண்டும். காதிலிருந்து நழுவிய வயர் கழுத்தில் தொங்கும். பட்ஸ் நழுவினால் ஈரச்சருகில் அட்டைக்குத்தான் பாட்டு.

வயர் பிடிக்கிறவர்களைப் பழம்பஞ்சாங்கம் என்கிறவர்கள் ஒருநாள் இந்த ஜீப்பில் ஏறிவிட்டுப் பேசட்டும்.

இதில் அரசாங்கத்தின் கூத்து வேறு. பேரிடரில் சேதி சொல்ல ரேடியோ வேண்டும், ஆகவே போன்களில் பண்பலை வேலைசெய்யட்டும் என்று 2023-இல் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. ஏரியலைப் பிடுங்கியவனிடம் ரேடியோவை அணைக்காதே என்று ஓர் அறிவுரை! மலையில் டவர் சாவது கதையல்ல. 2020 ஆகஸ்டில் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரை விழுங்கியது. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியுலகத்துக்குத் தெரியவே விடியவேண்டியிருந்தது. ரேடியோ அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. டவர் செத்த ராத்திரியிலும் மலைக்காரன் காதுக்கு எட்டக்கூடிய ஒரே குரலை, 15,400 ரூபாய்ப் பண்டம் விற்க அடைத்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

நல்லவேளையாக, லட்ச ரூபாய் போனில் இல்லாத ஓட்டை பத்தாயிரம் ரூபாய் போன் பலவற்றில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போனால் கேமராவைப் பார்க்கும் முன் போனின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டை தட்டுப்படாவிட்டால் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வாருங்கள். துணிச்சல் என்பது அதற்குத்தான் பெயர்.